நரிப்பயறு யாருக்குச் சொந்தம்?

காட்டோரத்து மேய்ச்சல் நிலம் ஒன்றில் மயிலை என்ற பசுவும் சுருட்டை என்ற செம்மறி ஆடும் மேய்ந்து வந்தன. அங்கே புல் மட்டும்தான் வளர்ந்தது. கோடை வந்தால் அதுவும் சருகாகிவிடும்.

ஒரு வருடம் சுருட்டைக்குப் பால் வற்றிவிட்டது. அதன் குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது.

"வெறும் புல்லைத் தின்றால் பால் எங்கிருந்து ஊறும்?" என்றது மயிலை. "வேலியோரம் நரிப்பயற்றுக் கொடி கிடக்கிறதே, அதைத் தின்றால்தான் என் மடி கனக்கிறது. நிலம் முழுக்க அதை விதைத்துவிடலாம், வா!"

முதல் மழை விழுந்ததும் இரண்டும் முற்றிய காய்களைப் புல்லுக்கு இடையே உதிர்த்துக் குளம்பால் மிதித்தன. கொடி தளதளவென்று படர்ந்தது.

"ஒரே ஒரு வாய்?" என்று சப்புக்கொட்டியது சுருட்டை.

"மூச்! விதை கொட்டட்டும். அப்போதுதான் அடுத்த வருடமும் தானாக முளைக்கும்!" என்று அதட்டியது மயிலை.

விதை கொட்டியது. இரண்டும் ஆசை தீர மேய்ந்தன. சுருட்டைக்குப் பால் சுரந்தது. குட்டி கொழுகொழுவென்று ஆனது.

அந்தக் குட்டி ஒரு நரியின் கண்ணில் பட்டது. மயிலையின் கொம்புக்குப் பயந்து, நரி பாயாமல் பேச வந்தது.

"இது என்ன கொடி?"

"நரிப்பயறு" என்றது மயிலை.

"பார்த்தாயா! பெயரிலேயே நரி இருக்கிறது. இது என் பாட்டன் சொத்து! இவ்வளவு நாள் மேய்ந்ததற்கு அந்தக் குட்டியைக் கொடுங்கள்!"

சுருட்டை குட்டியைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டது. பிறகு பணிவாக, "தெரியாமல் போச்சே ஐயா! சொந்தக்காரர் பசியோடு நிற்கலாமா? முதலில் உங்கள் பயற்றை வயிறாரச் சாப்பிடுங்கள். அப்புறம் குட்டியைப் பற்றிப் பேசலாம்" என்றது.

"உங்கள் சொத்து உங்களுக்கே பிடிக்காதா என்ன?" என்று கேட்டது மயிலை.

நரியால் மறுக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடியை மென்றது. பத்தாவது வாயில் வயிறு பானையாக உப்பியது. "டர்ர்ர்!" என்று ஒரு சத்தம்!

"அந்த ஓரம் இன்னும் பாக்கி இருக்கிறது ஐயா!" என்றது சுருட்டை.

"சொத்தும் வேண்டாம், குட்டியும் வேண்டாம்! ஆளை விடுங்கள்!" என்று நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. மூன்று நாள் அது எந்தப் புதரில் பதுங்கினாலும் வயிறு சத்தம் போட்டதால், ஓர் எலிகூட அதற்குச் சிக்கவில்லை.

பெயரைக் காட்டி உரிமை கொண்டாடுகிறவருக்கு அல்ல, விதைத்துப் பொறுத்திருந்தவருக்கே விளைச்சல் சொந்தம்.