மூன்று இடம், ஒரு சிக்னல்

இந்தக் கதையின் விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாமல் மெதுவாக வாருங்கள்.

பொற்கொடி, வேலங்குறிச்சி நகராட்சியில் பொறியாளர். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வழி செய்து கொடுப்பது அவர் பொறுப்பு. அவர் போட்ட நடைபாதையில் இப்போது பைக்குகள் நிற்கின்றன. அவர் கோடு கிழித்த சைக்கிள் பாதையில் தர்பூசணி வண்டிகள் நிற்கின்றன. அவர் போய்ச் சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள். அவர் தலை மறைந்ததும் எல்லாம் பழையபடி வந்துவிடும். சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

இந்த முறை, ஊரை இரண்டாகப் பிளந்து ஓடும் நாலுவழிச் சாலைக்கு ஒரே ஒரு சிக்னல் கிடைத்திருந்தது. கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்தினால் வண்டிகள் நிற்கும். நடந்தும் கடக்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் கடக்கலாம். மூன்று இடங்கள் பேச்சில் இருந்தன. மாலைக் கூட்டத்தில் பொற்கொடி அவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தவறான இடத்தைச் சொல்லிவிட்டால், உண்மையில் தேவைப்படுகிறவர்கள் இன்னும் பல வருடம் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

காலையிலேயே பார்க்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் பேருந்து நிலையம். வியாபாரிகள் சங்கத் தலைவர் உதுமான் கனி கடை வாசலிலேயே காத்திருந்தார்.

"பாருங்க மேடம், தேரோட்டத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது. இங்கதான் சிக்னல் வேணும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் கையைக் காட்டியபடி மொத்தமாகச் சாலையில் இறங்கியது. ஊர்ந்து வந்த பேருந்து முனகிக்கொண்டே நின்றது. பின்னால் வந்த லாரியும் நின்றது. கூட்டம் பேச்சைக்கூட நிறுத்தாமல் அக்கரை சேர்ந்தது.

அடுத்தது பெண்கள் பள்ளி. சைக்கிள்களோடு மாணவிகள் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்றார்கள். போக்குவரத்துக் காவலர் கையை உயர்த்தினார். வண்டிகள் நின்றதும் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்குள் போனார்கள்.

"இவர் லீவு போடுற அன்னைக்கு நான்தான் குடையும் கையுமா நடுரோட்டுல நிக்கிறேன்," என்றார் தலைமையாசிரியை ரெஜினா. "முந்தாநாள் ஒரு லாரிக்காரர், 'ஓரமாப் போ, பாட்டி'ங்கிறார். எனக்கு இன்னும் ரிட்டயர்மென்ட்டே வரலை மேடம். இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு சிக்னல் கொடுங்க, போதும்."

பொற்கொடிக்கு நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாவது இடம், காலனிக்குப் பாதை பிரிகிற காலனி விலக்கு. அங்கே போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. செருப்புக்குள் கால் வீங்கியிருந்தது. அந்த இடத்தில் ஒருவர்கூடச் சாலையைக் கடப்பதில்லை என்று, கணக்கெடுக்கப் போன அலுவலக ஆட்கள் சொல்லியிருந்தார்கள். பொற்கொடியும் நின்று பார்த்தார். உண்மைதான். பாலத்துச் சரிவில் வண்டிகள் பாய்ந்து வந்தன. கடப்பதற்கு ஓர் ஆள் இல்லை.

அவர் நின்ற பக்கம் கடை கிடையாது, பேருந்து நிறுத்தமும் கிடையாது. ஒரு புங்கை மரம் மட்டும் நின்றது. அதன் நிழலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. மரத்தடியில் பூட்டிய சைக்கிள்கள் ஏராளம். அவற்றின் இருக்கைகளில் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது.

"வெயில்ல எதுக்கு மேடம் நிக்கீங்க?" என்றார் முதல் ஆட்டோவில் இருந்த இசக்கிராஜ். "இங்க யாரு ரோட்டைக் கடக்கா? சிக்னல் வச்சா காக்காதான் வந்து பொத்தானை அமுக்கும்."

மற்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.

"எதிர்ப்பக்கத்தையும் ஒருதடவை பாத்துட்டா என் வேலை முடிஞ்சுது," என்றார் பொற்கொடி.

"அவ்வளவுதானே, ஏறுங்க."

உள்ளே ஏற்கெனவே, கைக்குழந்தையின் தலையில் துண்டைப் போர்த்தியபடி ஒரு பெண் இருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு ஓர் இளைஞர். இருவரும் நகர்ந்து இடம் விட்டார்கள். ஆட்டோ ரவுண்டானா வரைக்கும் போய், சுற்றி, திரும்பி வந்து அதே புங்கை மரத்துக்கு நேர் எதிரே நின்றது. மூவரும் இறங்கினார்கள். அந்தப் பெண் அரசு மருத்துவமனை வாசலை நோக்கி வேகமாக நடந்தார். இளைஞர் நூல் மில்லுக்குள் போனார். அங்கே மதில் நிழலில் காத்திருந்த வேறு மூவரை ஏற்றிக்கொண்டு இசக்கிராஜ் கிளம்பினார்.

பொற்கொடி அங்கே கொஞ்ச நேரம் நின்றார். எதிரே புங்கை மரம், அதே சைக்கிள்கள். இப்போதும் யாரும் கடக்கவில்லை. அத்தனை அசதியிலும் அவருக்குத் தன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது.

மாலைக் கூட்டத்தில் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உதுமான் கனி, ரெஜினா, இசக்கிராஜ் மூவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். ஒருவர் பேச்சிலும் பொய் இல்லை. அப்படியானால் பொற்கொடி சொன்ன இடம் எது? இந்த மூவரில் யாருடைய பேச்சு அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோனது?

விடை: அவர் சொன்னது காலனி விலக்கு. கொண்டுபோனது, அங்கே சிக்னலே வேண்டாம் என்ற இசக்கிராஜின் பேச்சு. அங்கே யாரும் கடப்பதில்லை என்பது உண்மை. எதிர்ப்பக்கம் போகவே யாரும் விரும்பவில்லை என்றால் அத்தனை ஆட்டோக்களுக்கு அங்கே என்ன வேலை? கடையோ நிறுத்தமோ இல்லாத இடத்தில் சைக்கிள்கள் பூ மூடும்வரை ஏன் நிற்கின்றன? சைக்கிளை அங்கே பூட்டிவிட்டு, எதிரே தெரிகிற மில்லுக்கும் மருத்துவமனைக்கும் ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். பேருந்து நிலையத்தில் கூட்டமே வண்டிகளை நிறுத்திவிடுகிறது, பள்ளியில் ஒரு காவலராவது இருக்கிறார். இங்கே நிறுத்த ஆளில்லாததால்தான் கடக்கவும் ஆளில்லை. தானும் சாலையைக் கடக்க ஆட்டோவில்தான் வந்தோம் என்பது பொற்கொடிக்கு இறங்கிய பிறகே உறைத்தது. இசக்கிராஜும் மற்றவர்களும் பிழைக்க வேண்டுமே என்று, பேருந்து நிலையத்தில் ஆட்டோக்களுக்கு இடம் கேட்டு எழுதினார். அடுத்த சிக்னல் எப்போது வரும் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. விஷயத்தைக் கேட்ட ரெஜினா குடையை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனார்.