திறப்பைக் கழற்றிய பிறகும்

"நிப்பாட்டினாலும் நிக்குதில்லை, தங்கச்சி," என்றார் தவராசா.

ஜெயகௌரி தலை நிமிரவில்லை. தன் பட்டறையில் யாருடையதோ ஸ்கூட்டரின் அறுந்த பட்டி ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"திறப்பைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். அது தன்ரை பாட்டுக்கு ஓடுது."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. கேட்டுக்கொண்டு நிண்டிட்டன்."

அதற்குத்தான் அவள் நிமிர்ந்தாள். சூடு மிஞ்சி, சாவியை எடுத்தும் நிற்காத எஞ்சின் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த மனிசன் கேட்டுக்கொண்டு நின்றது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஊர் எது என்று கேட்பீர்கள். நோர்வேயின் வடக்குத் தொங்கல். கார்த்திகையில் போகிற சூரியன் தை பிறந்த பிறகுதான் திரும்ப எட்டிப் பார்க்கும். இடைப்பட்ட நாளெல்லாம் மத்தியானமும் கருநீலம்தான். மீன் வெட்டுகிற வேலைக்கென்று அங்கே போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்துச் சனம், அந்த இருட்டுக்கும் பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்கிறது?

குளிர்காலத்தில் அங்கே ஸ்கூட்டர்தான் கால். சக்கரம் வைத்த ஸ்கூட்டர் என்று நினைக்காதீர்கள். முன்னுக்கு இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு அகலமான ரப்பர் பட்டி, நடுவில் எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள் மாதிரிக் கத்துகிற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பனிக்கு மேலே அது பறக்கும்.

அது பறக்காவிட்டால் ஜெயகௌரியிடம் கொண்டுபோவார்கள். வெள்ளைக்காரரும் அவளிடம்தான் வருவார்கள். அவளுக்கு நாற்பது வயது, வாய் மட்டும் கஞ்சத்தனம். கேள்வி கேட்டால் கையில் எதையாவது எடுத்துத் தருவாள்.

தவராசா அவளிலும் இருபது வயது மூப்பு. தோள்மூட்டு தேய்ந்து மீன் வேலை விட்டுப்போன பிறகு, பழக்கிவிடு என்று அவளிடம் வந்தார். அவள் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை எடுத்துக் கொடுத்து, இது என்ன சாப்பிட்டது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவர் முழித்தார்.

இப்போது முழிக்கமாட்டார். பிளக் கறுத்திருந்தால் பெற்றோல் மிதமிஞ்சிப் போகிறது. தேத்தண்ணி நிறமென்றால் சுகம். வெளுத்திருந்தால் பட்டினி. குளிர் ஏற ஏற எஞ்சினுக்குப் பசி கூடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊரார் ஸ்கூட்டரெல்லாம் தவராசா கை வைத்தால் சரி என்கிற அளவுக்கு மனிசன் தேறிவிட்டார்.

ஒரு ஸ்கூட்டரை மட்டும் அவர் அந்தப் பட்டறைப் பக்கம் கொண்டுவந்ததே இல்லை.

அதுதான் இப்போது வெளியே நின்றது. மூடி வெடித்த சிவப்பு ஸ்கூட்டர். யாருடையது என்று அவள் கேட்கவில்லை. அந்த ஊரில் அதைத் தெரியாதவர் கிடையாது.

தவராசாவின் தம்பி சிவபாலன் மூன்று குளிர்காலத்துக்கு முன்னர் அதில் ஏறி மேட்டுவெளியைக் கடந்து போனவன். ஸ்கூட்டரை ஏரிக்கரையில் கண்டெடுத்தார்கள். பிஸ்டன் இறுகி, இரும்புக் கட்டியாய் நின்றது. சிவபாலனை எடுக்கவில்லை. பனி உருகியும் எடுக்கவில்லை.

தேடினவர்கள் கைவிட்டுவிட்டார்கள். தவராசா விடவில்லை. புது பிஸ்டன் போட்டு, அதே ஸ்கூட்டரில் போய்த் தேடுகிறார். தம்பி நடந்து ஏரிக்கு அங்காலே போயிருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஒரு எலும்பாவது கிடைத்தால் கிரியை செய்யலாம். அது செய்யாமல் தனக்குச் சோறு இறங்காது என்று சொல்லித் திரிந்தார்.

"என்ன செய்யுது?" என்றாள் ஜெயகௌரி.

அவர் சொன்னார். ஊருக்குள் அது நொண்டுகிறது. இருமுகிறது, இழுக்கமாட்டேன் என்கிறது. மேட்டுவெளி ஏறிச் சூடு பிடித்ததும் நொண்டல் போய்விடுகிறது. ஏரி கிட்டக் கிட்டப் பறக்கிறது, பாடுகிறது. நேற்று ஏரிக்கரையில் நிற்பாட்டித் திறப்பைக் கழற்றினார். அது நிற்கவில்லை.

"பாட்டுக்குள்ளை அவன் கூப்பிடுறான், தங்கச்சி."

"யார்?"

"சிவபாலன். அண்ணை எண்டு."

அவள் சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. பிறகு என்ன என்பதுபோலப் பார்த்தாள்.

"நாளைக்கு அங்காலை போறன். அவன் கூட்டிக்கொண்டுபோறான். நொண்டலை மட்டும் எடுத்துவிடு."

அன்று காலைதான் அவருடைய மனிசி இராசமலர் வந்து போயிருந்தாள். உள்ளே ஏதாவது ஒன்றை உடைத்துவிடு, அந்த ஸ்கூட்டர் இனி ஓடக்கூடாது என்று கையைப் பிடித்து அழுதாள். ஒன்றை உடைத்தால் இன்னொன்றில் போவார், அக்கா என்று சொல்லி அனுப்பியிருந்தாள் ஜெயகௌரி. அனுப்பிவிட்டு அவளும் நிம்மதியாய் இருக்கவில்லை.

"உள்ளை ஏத்துங்கோ," என்றாள்.

பிளக்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

திருநீறு மாதிரி வெள்ளை.

"வேறை ஆக்களின்ரை மிஷின் எண்டால் இதுக்கு என்ன சொல்லுவியள், அண்ணை?"

தவராசா பிளக்கைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அதைத் துடைத்து அவளிடமே நீட்டினார்.

"இது ஆக்களின்ரை மிஷின் இல்லை," என்றார்.

அவள் காபரேட்டரைத் திறந்து, பெற்றோல் போகிற ஜெட்டை வெளியே எடுத்தாள். கடுகளவுத் துளை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அந்த ஸ்கூட்டருக்கு உரியதைவிட ஒடுக்கம். யார் போட்டது என்று கேட்டாள்.

தம்பி போட்டதாம். அவன் கை வைத்ததை மாற்ற அவருக்கு மனம் வரவில்லையாம்.

அவளுக்கு அது விளங்கியது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. ஸ்டார்ட் பண்ண ஒரு சொட்டுப் பெற்றோலை ஊசியால் பீச்சி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின தலைமுறை அது. குறையக் குடிக்கிற எஞ்சின்தான் அவர்களுக்குக் கெட்டிக்கார எஞ்சின். எந்தத் தேசத்துக்கு வந்தாலும் அந்தக் கை லேசில் மாறாது. அவளுடைய தகப்பனுக்கும் மாறவில்லை.

ஜெட்டைத் திரும்ப அதே இடத்தில் பூட்டினாள்.

"மாத்தேல்லையோ?" என்றார் தவராசா.

"ஓடவிட்டுக் கேப்பம்," என்றாள்.

பின்பக்கத்தைக் கட்டையில் ஏற்றினாள். காற்றுப் பெட்டியைக் கழற்றி வைத்தாள். எஞ்சின் மூச்சிழுக்கிற காபரேட்டரின் வாய் வெறுமையாய்த் தெரிந்தது. கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பி, ஓட்டம் குறையாதபடி விசையைச் சணலால் கட்டினாள்.

முதலில் இருமியது. புகை விட்டது. நொண்டியது.

இருவரும் நின்றார்கள்.

பிறகு இருமல் நின்றது. சுருதி ஏறியது. பட்டறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பனிப்பூ அதிர்ந்து கொட்டியது. காற்றில் சுட்ட இரும்பின் மணம் வந்தது. எஞ்சின் ஒரு குறையுமில்லாமல், சின்னப்பிள்ளை துள்ளுகிற மாதிரி ஓடியது.

அந்தச் சத்தத்தின் அடியில் இன்னொன்று எழுந்தது. மெல்லிய, இழுத்த, மனிசக் குரல் போல ஒன்று.

"கேக்குதோ?" என்றார் தவராசா. கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

"கேக்குது," என்றாள் ஜெயகௌரி.

பொய் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்டது. கையில் மயிர் குத்திட்டு நின்றது.

அவள் திறப்பைத் திருகினாள். கழற்றினாள். அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

எஞ்சின் ஓடியது.

முன்னிலும் உயரக் கூவிக்கொண்டு ஓடியது. அதை ஓட்டுவதற்கு அங்கே இப்போது யாருமே இல்லை.

"அண்ணை."

அது எஞ்சினா, ஜெயகௌரியா என்று அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவள்தான்.

"சிவபாலன் கடைசியாய் என்ன கதைச்சவர்?"

தவராசாவின் முகம் இறுகியது. அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. போலீசுக்குச் சொல்லவில்லை. இராசமலருக்குக்கூடச் சொல்லவில்லை. அழுகையோ உதவி கேட்டதோ என்றால் சொல்லியிருப்பார். அது சந்தோசமான கதை. அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

"ஏரிக்கரையிலை நிண்டு போன் எடுத்தவன்."

"ம்."

"இண்டைக்கு ஒருநாளும் இல்லாத மாதிரி ஓடுது அண்ணை, கேள் எண்டவன். கேள் எண்டு போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிச்சவன்."

"என்ன கேட்டது?"

அவர் எஞ்சின் பக்கம் திரும்பினார்.

பட்டறை முழுக்க அது பாடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த திறப்பு நழுவி நிலத்தில் விழுந்தது. அவர் குனியவில்லை.

"இதுதான்," என்றார். "இந்தச் சத்தம்தான்."

"இதுக்குப் பிஸ்டன் இறுக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு," என்றாள் ஜெயகௌரி. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள்.

அவள் தொடமாட்டாள் என்று அவருக்கு விளங்கியது.

தவராசா கிட்டப் போனார். குரல் முகத்தில் அடித்தது. அண்ணை, அண்ணை என்றது. அவர் அழுதுகொண்டே உள்ளங்கையை நீட்டிக் காபரேட்டரின் வாயைப் பொத்தினார்.

அது அவருடைய கையை உறிஞ்சிப் பிடித்தது. விக்கியது. ஒருமுறை உடம்பு முழுக்க உதறியது.

நின்றது.

வெளியே பனிக்காற்று பட்டறைத் தகரத்தை உரசுவது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை எடுக்காமல் நெடுநேரம் அப்படியே நின்றார்.

ஜெயகௌரி ஒரு ஜெட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். துளை பெரியது.

அவர் அதை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மனக்கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"இதைப் போட்டால், பின்னுக்குக் கட்டக்கூடிய கான் எல்லாம் நிரப்பிக் கட்டினாலும், ஏரிக்கு அங்காலை போகப் பெற்றோல் காணாது," என்றார்.

"காணாது," என்றாள் ஜெயகௌரி. "வீட்டை வந்து சேரக் காணும்."