கல்லேறிய செம்பன்

“செம்பனுக்குக் கிடைச்சது எனக்கு மட்டும் ஏனுங்கம்மா கிடைக்கல?”

யாத்திரை முடிந்து வந்து கால்கூடக் கழுவாத குருவிடம் செங்கோடன் கேட்ட முதல் கேள்வி இது.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. சீடரைவிடக் கால் நூற்றாண்டு இளையவர். செங்கோடன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, மனைவி போன பின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வரும்போது கொண்டு வந்தது ஒரு துணிப்பெட்டி, ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் செம்பன்.

செம்பன் ஒரு நீர்ப்பல்லி. பல்லி போல உடம்பு, தண்ணீரில் வாசம், வயிறு மட்டும் குங்குமச் சிவப்பு. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆசைப்பட்டு வளர்த்தது. அவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். செம்பன் அப்பாவிடமே தங்கிக் கிழவனாகிவிட்டது. பேச்சுத்துணை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் பாக்கி.

“அவனுக்கு என்ன கிடைச்சுது?” என்றார் குரு.

“சமாதி நிலைங்க! தண்ணியை விட்டுக் கல்லு மேல ஏறி உட்கார்ந்துட்டான். அசையறதே இல்ல. புழு போட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறான். தோலைக்கூடத் திட்டுத் திட்டா உரிச்சுப் போடறானுங்க. பற்று அத்தனையும் போயிடுச்சு. நானும் வருஷக்கணக்கா கண்ணை மூடி உட்கார்றேன், சாம்பார் வாசனை வந்தா முழிச்சுக்கிறேன்.”

மடத்துக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. எது அசையாமல் கிடந்தாலும் தவம் என்பார்கள்.

வயசான ஜீவன், கொஞ்சம் அருள் படட்டும் என்று தொட்டியைத் தூக்கிச் சன்னிதிக்குள் வைத்தவர் செங்கோடன்தான். செம்பன் கல்லேறியதும் ‘செம்பச் சித்தர்’ என்று பெயர் சூட்டினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? சித்தருக்கு முதலில் ஒரு அகல், பிறகு சுற்றிலும் அகல், கற்பூரம், சாம்பிராணி. வெள்ளிக்கிழமை ஆனால் ஊரே வரிசையில் நின்றது. ஒரு பக்தர் தொட்டிக்குள் பால் வேறு ஊற்றப் போனார். நல்லவேளை, யாரோ கையைப் பிடித்தார்கள்.

குரு சன்னிதிக்குள் போய்க் குனிந்து பார்த்தார்.

“வால் நுனி ஏன் சுருண்டிருக்கு?”

“யோக முத்திரைங்கம்மா.”

“இடுப்பெலும்பு தெரியுது.”

“தபசிக்கு உடம்பு எதுக்குங்க?”

“தொண்டை இப்படி அடிச்சுக்குதே.”

“பிராணாயாமம்.”

குரு அவரை ஒரு பார்வை பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் அதற்கே வாயை மூடியிருப்பார்.

“ஐயா, நீங்க ராத்திரி எங்க படுக்கறீங்க? இங்கதானே?”

“முன்னாடி இங்கதானுங்க. இப்பக் கிணத்தடிக்குப் போயிட்டேன்.”

“ஏன்?”

“சித்திரை வெயிலு, ஓட்டுக்கூரை, போதாக்குறைக்கு இத்தனை விளக்கு. மனுஷன் இருப்பானுங்களா இங்க? வெந்து போயிருவோம்.”

“கிணத்தடியில படுக்கறது தவமா?”

செங்கோடன் சிரித்துவிட்டார். “என்னங்கம்மா நீங்க! புழுக்கம் தாங்காம ஓடினதுங்க.”

குரு செங்கோடனின் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்.

சிரிப்பு நின்றது.

குளிக்க வெந்நீர் விளாவி வைத்ததுபோல் இருந்தது தண்ணீர்.

“ஐயோ,” என்றார் செங்கோடன். “ஐயோ, செம்பா.”

சன்னிதி என்றும் பாராமல் உட்கார்ந்து அழுதார். “தண்ணி குளுகுளுன்னு இருக்கணும்ப்பான்னு மகள் படிச்சுப் படிச்சுச் சொன்னாளுங்க. நான் மட்டும் காத்தாடப் போய்ப் படுத்துக்கிட்டேன். இவனுக்கு விளக்கேத்தி வச்சேன்.”

“அழுகை அப்புறம். மண்தொட்டி எங்க இருக்கு?”

கிணற்றடியில் நிழல் பார்த்து மண்தொட்டியை வைத்தார்கள். ஈரச் சாக்கைச் சுற்றினார்கள். கிணற்று நீரை ஊற்றி, நடுவில் ஒரு கல் போட்டார்கள். செங்கோடன் கையை நனைத்துக்கொண்டு செம்பனை எடுத்துக் கல்லில் விட்டார்.

வெகுநேரம் அது அசையவில்லை. அவர் மூச்சுவிடவும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை நீட்டித் தண்ணீரைத் தொட்டது. அப்படியே வழுக்கி உள்ளே போனது.

“பிழைச்சுக்குவானாங்க?”

“தெரியல. வயசாயிடுச்சு. ரொம்பத் தாங்கியிருக்கான்.”

மறுநாள் காலை பாதி மண்புழுவைத் தின்று மீதியைத் துப்பியது. துப்பியதைக்கூட ஓடிப்போய்க் குருவிடம் சொன்னார் செங்கோடன்.

அன்று வெள்ளிக்கிழமை. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“இவங்ககிட்ட யாருங்கம்மா சொல்றது?”

“சித்தர்னு சொன்னது யாரு?”

செங்கோடன் வாசலுக்குப் போனார். வரிசையில் முதல் ஆள் பொன்னாத்தா, தறிப்பட்டறைக்காரர் வீட்டு மருமகள். கையில் பூத்தட்டு.

“சித்தர் எங்கீங்க, காணோம்?”

“சித்தர் இல்லம்மா. உடம்பு சரியில்லாத கிழவன். தண்ணி சூடாகி உள்ள இருக்க முடியாமத்தான் கல்லு மேல ஏறியிருக்கான். எடுத்துச் சொல்ல வாயில்ல. நாங்க விழுந்து கும்பிட்டோம். என் புத்தியில இடி விழ.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொன்னாத்தா சிரிக்கவில்லை.

“சாப்பிடாம, யாருகிட்டயும் பேசாம உட்கார்ந்திருந்தா அது பக்குவம் இல்லீங்களா?”

“ஏம்மா கேக்கற?”

“எங்க மாமனாருங்க. மாசியில இருந்து சுவத்தைப் பாத்து உட்கார்ந்திருக்காரு. எதையும் கேக்கறதில்ல, குறை சொல்றதில்ல. பெரியவர் பழுத்துட்டாருன்னு ஊரே மெச்சுது. தொந்தரவு பண்ண வேண்டாம்னு நாங்களும் அந்த அறைக்குள்ள...”

செங்கோடன் குருவைத் திரும்பிப் பார்த்தார். அவர் தூணில் சாய்ந்து சும்மா நின்றிருந்தார்.

“கிட்டப் போய் யாராச்சும் தொட்டுப் பாத்தீங்களா?” என்று செங்கோடனே கேட்டார்.

பொன்னாத்தா பூத்தட்டை அவர் கையில் திணித்தாள். செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை. கொதிக்கிற தெருவில் வெறுங்காலோடு ஓடினாள்.