நானூற்றுப் பன்னிரண்டு பேர் போகாத வகுப்பு

ராஜா இருந்த காலத்தில் இணையம் ஏது என்று கேட்காதீர்கள். இது கதை. கதையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும்.

வேம்பநாட்டை மேகவண்ணன் ஆண்டபோது அடைமழை பிடித்துக்கொண்டது. அரசுப் பல்கலைக்கழகத்தின் வகுப்புகள் எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டன. யார் நன்றாகப் பாடம் நடத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்கக் கல்வி அமைச்சர் தாண்டவராயர் ஒரு மென்பொருள் கொண்டுவந்தார். மாணவர்கள் வகுப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறார்களோ, அவ்வளவு மதிப்பெண் ஆசிரியருக்கு!

முதலிடம் யாருக்கு? சந்தேகமே வேண்டாம், தாண்டவராயருக்குத்தான். அவரும் அங்கே அரசியல் பாடம் எடுப்பவர். கடைசி இடம் கணித ஆசிரியை தையல்நாயகிக்கு.

"நாற்பது நிமிஷம் ஆனதும் இந்தம்மா வகுப்பு காலியாகிவிடுகிறது மன்னா! ஒரு குஞ்சு கூட மிஞ்சுவதில்லை. வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்றார் அமைச்சர்.

பாவம், தையல்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷ வேலை!

அரசவை விகடர் மருதப்பன் எழுந்தார். "அவசரப்படாதீர்கள் மன்னா. நாளைக்கு அமைச்சர் வகுப்பில் நீங்களே சேர்ந்து பாருங்கள். பிறகு தீர்ப்புச் சொல்லலாம்."

அரசரும் சரி என்றார்.

மறுநாள் மூன்று மணிக்குச் சபை கூடியது. மருதப்பன் அமைச்சரின் வகுப்பைச் சுவரில் பெரிதாக ஓடவிட்டார்.

"ஐயா, வகுப்பை எத்தனை மணிக்கு முடித்தீர்கள்?"

"பன்னிரண்டுக்கு. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்."

"உள்ளே இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே?"

அமைச்சர் மீசையைத் தடவிக்கொண்டார். "பிரிய மனசில்லை, பாவம்!"

"அப்படிப் பிரியமாக இருப்பவர்கள் யார் யார்? முதல் பெயர்... மேகவண்ணச் சக்கரவர்த்தி!"

சபையே அரியணையைத் திரும்பிப் பார்த்தது. அரசருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது வந்து... பத்தே காலுக்கே போனைத் தலையணை மேல் வைத்துவிட்டுத் தாயம் ஆடப் போய்விட்டேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது."

"மற்ற நானூற்றுப் பதினோரு போன்களும் அப்படித்தான் கிடக்கும் மன்னா. வகுப்பு முடிந்தது என்று சொன்னது காதில் விழுந்தால்தானே கிளம்ப முடியும்? அம்மா, உங்கள் மாணவர்கள் மட்டும் ஏன் உடனே போகிறார்கள்?"

தையல்நாயகி தயங்கித் தயங்கிச் சொன்னார். "பத்து நிமிஷத்துக்கு ஒரு சின்னக் கணக்குக் கொடுப்பேங்க. எல்லாரும் சாட்டில் விடை போடணும். போடாதவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். நாற்பதாவது நிமிஷம் கடைசி விடை வந்ததும் வகுப்பு முடிஞ்சது, போகலாம்னு சொல்லிடுவேன். அவ்வளவுதாங்க."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேலை நீக்கம் ரத்து! இனி எல்லா ஆசிரியர்களுக்கும் இந்த அம்மாதான் பயிற்சி கொடுப்பார். மருதப்பா, உனக்கு என் முத்து மாலை!"

தாண்டவராயர் வாடிப்போனார். "அப்படியானால் என் பாடத்தைக் கடைசிவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா?"

மருதப்பன் மாலையைக் கழுத்தில் சரிசெய்தபடி ஆறுதல் சொன்னார்.

"ஏன் ஐயா மனம் தளர்கிறீர்கள்? வகுப்பு முடிந்ததும் டாண் என்று பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியவர் ஒருவர் இருக்கிறாரே! நீங்கள்தான்."