கணவாய் விழுங்கிய படகு

கடலில் இருப்பவர்களும் கரையில் இருப்பவர்களும் ஒரே பாஷையில் பேசி, அதே பாஷையில் சண்டையும் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கணவாய் மீனுக்கு உடம்புக்குள் எலும்பு என்று எதுவும் கிடையாது. நிறம் மாறவும் தெரியாது. பால் மாதிரி ஒரே வெள்ளை. எல்லோரையும் போல முன்னோக்கித்தான் நீந்துவாள், அதுவும் கொஞ்ச தூரம்தான்.

ஆனால் அவளிடம் ஒரு படகு இருந்தது. கடல் நுரையைக் காயவைத்து, அடுக்கு மேல் அடுக்காக ஒட்டித் தானே செய்த படகு. இரண்டு முனையும் ஒடுங்கி, நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் மூழ்காது.

அந்த வருஷம் கரையோரத் தண்ணீர் கொதித்தது. பாறைப் பாசியெல்லாம் வெளுத்து உதிர்ந்தது. கணவாய் வயிற்றில் முட்டை வேறு. குளிர்ந்த தண்ணீரில், பச்சைப் பாசியில் ஒட்டிவைத்தால்தான் அது பிழைக்கும். அதனால் மேல்காற்று கிளம்பியதும் கடலைக் கடந்து அக்கரைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

பக்கத்து வளையில் ஒரு நண்டு இருந்தாள். அவள் பெற்றதில் மிஞ்சியது ஒரே ஒரு குஞ்சு. பொடிசு என்று கூப்பிடுவாள்.

"அக்கா, எங்களையும் ஏத்திக்கோயேன்," என்றாள் நண்டு. "எனக்கு அவ்வளவு தூரம் நீந்த வராது. இங்கேயே கிடந்தா இவளும் போயிடுவா."

"இத்தனை காலையும் எங்கே வைப்பே? என் படகைக் கீறிடுவே."

"மடக்கி வச்சுக்கறேன். பத்தலேன்னா சொல்லு, நாலு காலைக் கழட்டி இங்கேயே போட்டுட்டு வரேன்."

கணவாய் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

புன்னை இலை ஒன்றைப் பாயாகக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நடுக்கடலில் அலைகள் மலை மலையாக வந்தன. கணவாய் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நண்டு கொடுக்கால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி சத்தம் அது?"

"மீன் துள்ளுது, அக்கா."

"இது?"

"இதுவும் மீன்தான். நீ இப்படிப் பயந்தா உன் முட்டையெல்லாம் உள்ளேயே பொரிஞ்சு வெளியே ஓடிவந்துடும்."

கணவாய்க்குக் கோபம் வந்தது. பயமாக இருப்பவளிடம் போய் விளையாட்டா? ஆனால் நண்டு அப்படிப் பேசும்போதெல்லாம் படகு கொஞ்சம் நேராக ஓடியது என்பதும் உண்மை.

வழியில் ஒரு மணல் திட்டு தென்பட்டது. படகைக் கயிற்றால் ஒரு கல்லில் கட்டினார்கள். "கால் மரத்துப்போச்சு," என்று நண்டு இறங்கினாள். "உனக்குத் தின்ன ஏதாவது பொறுக்கிட்டு வரேன். வயித்துல முட்டையை வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்காதே. பொடிசைப் பாத்துக்கோ, அக்கா."

அவள் திட்டின் அந்தப் பக்கம் போனதும், தண்ணீருக்கடியில் ஒரு பெரிய கறுப்பு வழுக்கிக்கொண்டு வருவதைக் கணவாய் பார்த்தாள். சுறா. அவள் கத்தவில்லை, நண்டைக் கூப்பிடவில்லை. கயிற்றைக் கடித்து அறுத்தாள். பாய் புடைத்தது, படகு பறந்தது.

"அக்கா! கயிறு அவுந்துடுச்சு! சுக்கானைத் திருப்பு!" பின்னாலிருந்து நண்டு கூவினாள். கொடுக்கை உயர்த்தி உயர்த்தி ஆட்டினாள். கயிறு தானாக அவிழ்ந்தது என்றே அவள் நினைத்தாள். வேறு மாதிரி நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கறுப்பு படகைத் தொட்டது. சட்டென்று குளிர்ந்தது. கணவாய் மேலே பார்த்தாள். ஒரு மேகம். மேகம் கடந்தது, அதன் நிழலும் கடந்தது, மறுபடி வெயில் அடித்தது.

அப்போதே திருப்பியிருக்கலாம். கயிறு அவிழ்ந்துவிட்டது என்ற பொய்யை நண்டே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் கணவாய் கயிற்றைக் கடித்ததைப் பொடிசு பார்த்துவிட்டது. இந்த அலை தாண்டட்டும் என்றாள் மனசுக்குள். பிறகு அடுத்த அலை. ஒவ்வொரு அலைக்கும் திரும்புவது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

"பெரியம்மா, அம்மா எங்கே?"

"வருவா."

"எதுல?"

கணவாய் பாயை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

அக்கரையில் தண்ணீர் குளிர்ந்து, பாசி பச்சையாக ஆடியது. ஆமையும் மீன்களும் கூடிவிட்டார்கள். "குஞ்சு யாருது? தாய் எங்கே?" என்று கேட்டார் ஆமையண்ணன்.

"பெரிய அலை வந்துச்சு, அண்ணே. அவளைக் கொண்டுபோயிடுச்சு."

ஐயோ பாவம் என்றார்கள். முட்டைக்காரி என்று நல்ல இடமாகப் பார்த்து ஒதுக்கினார்கள், தின்னக் கொடுத்தார்கள். அவளும் தின்றாள்.

பொடிசு சொன்னது: "அலை வரலே. பெரியம்மாதான் கயிறைக் கடிச்சா. அம்மா கையை ஆட்டிட்டே இருந்தா."

கணவாயின் வெள்ளை உடம்பு சிவந்தது. பழுப்பானது. பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. அவளால் அதை நிறுத்த முடியவில்லை.

யாரும் திட்டவில்லை. ஆமையண்ணன் மட்டும் சொன்னார்: "அப்போ அவ உசுரோடதான் இருப்பா. காத்தும் திரும்பிடுச்சு. படகை எடும்மா."

போகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த அலைகள், அந்தத் திட்டு, அங்கே நிற்கிறவளின் முகம் எல்லாம் நினைவுக்கு வந்தன. வழியெல்லாம் சொல்ல நினைத்து விழுங்கிய சொற்கள் அத்தனையும் கறுப்பாகக் கொட்டின. தண்ணீர் இருண்டது. அந்த இருட்டில் படகை எடுத்து விழுங்கிவிட்டாள்.

கறுப்பு அடங்கியது. "படகு எங்கேம்மா?"

"தெரியலே, அண்ணே."

மென்மையான அந்த முதுகில் படகு முனையோடு முனையாகப் புடைத்துத் தெரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆமையண்ணனிடம் படகும் இல்லை, பாயும் இல்லை. பொடிசை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார், அவ்வளவுதான். வெகுநாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார்.

"சேர்த்துட்டேன். உடம்பு ஒடுங்கிப்போயிருக்கா, ஆனா நல்லா இருக்கா," என்றார். "பிள்ளையை வாங்கி மடியில போட்டுக்கிட்டதும் முதல்ல கேட்டது உன்னைத்தான். அக்கா பத்திரமா போய்ச் சேர்ந்தாளா, முட்டை நல்லா இருக்கான்னு."

கணவாய் அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்கினாள். பின்வாங்கிக்கொண்டே, கறுப்பைக் கொட்டி மறைந்துபோனாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்: யாராவது கிட்டே வந்தால் கணவாய் நிறம் மாறுவதும், மையைக் கக்குவதும், பின்புறமாகவே ஓடுவதும். அவள் செத்தால்தான் அந்தப் படகு வெளியே வந்து, பாயில்லாமல், ஆளில்லாமல், கரையில் வெள்ளைக் கணவாய் ஓடாக ஒதுங்குகிறது. கடலை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத அவள் குஞ்சுகளும், முட்டைக்குள் இருக்கும்போதே முதுகுக்குள் ஒரு சின்னப் படகோடுதான் வளர்கின்றன.