பச்சைக் கட்டம்

"ஓய்வு கொடுத்தும் களைப்புன்னு எழுதிக் கொடுக்கிறாங்கம்மா இந்த விமானிங்க. இவங்களை எப்படித்தான் போகவிடாம நிறுத்தி வைக்கிறது?"

மலைமேல் இருந்த மடத்துக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய சபேசன் பேசிய முதல் பேச்சு இதுதான். ஒரு வணக்கம்கூட வைக்கவில்லை, பாவம்.

மலிவு டிக்கெட் விற்கும் விமான நிறுவனம் ஒன்றில், எந்த விமானி எந்த நாள் ஓட்டுவது என்று அட்டவணை போடுபவர் அவர். மூன்றே மாதத்தில் பதினொரு விமானிகள் விலகிவிட்டார்கள். பன்னிரண்டாவதாக கேப்டன் ரொசாரியோ ராஜினாமா கொடுத்திருந்தார். அவரும் போனால் நீயும் கிளம்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். இன்று மாலைக்குள் ரொசாரியோவிடம் பேசியாக வேண்டும்.

மடத்தைப் பார்த்துக்கொண்டு, வருபவர்களுக்கு யோசனையும் சொல்லும் நாச்சியாரம்மாவுக்குச் சபேசனைவிடப் பதினைந்து வயது குறைவு. கீரை ஆய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு அட்டவணையை வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் பச்சைக் கட்டம் என்ன?"

"ஓய்வு நாள். போன வாரம் மட்டும் அவருக்கு நாலு."

"வேலையே கிடையாதா?"

"கிடையாதும்மா. வீட்லயே இருக்கலாம். கூப்பிட்டா மட்டும் ஒரு மணி நேரத்துல வந்து நிக்கணும். நாலு நாளும் நாங்க கூப்பிடவே இல்லையே!"

ஊருக்கே சோறு போட்டவர் மாதிரி சபேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அந்த அறையில பாய் இருக்கு, ஃபேன் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் ஓய்வெடுங்க. மணி அடிச்சா மட்டும், குளிச்சு சட்டை மாட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல இங்க வந்து நிக்கணும். வரலைன்னா உங்க கேள்விக்குப் பதில் கிடையாது."

"எப்போ அடிப்பீங்க?"

"எனக்கே தெரியாது. அடிக்காமலும் போகலாம்."

சபேசன் படுத்தார்.

இப்போதே குளித்துவிட்டால் நல்லது என்று எழுந்தார். குளிக்கும்போது மணி அடித்தால்? பாதி சோப்போடு வெளியே வந்தார்.

சட்டையோடு படுத்தார். கசங்கிவிடுமே என்று எழுந்து உட்கார்ந்தார்.

மாட்டின் கழுத்து மணி கேட்டது. வாசலுக்கு ஓடினார். சைக்கிள் மணி கேட்டது. அதற்கும் ஓடினார்.

சாப்பாடு வந்தது. பாதி இலையில் எழுந்துவிட்டார்.

ஒரு நிமிடம் கண் சொக்கியது. கணீரென்று மணி! விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்.

நாச்சியாரம்மா பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டீங்களா?"

"இல்லையே. கனவா இருக்கும். போய்ப் படுங்க."

அதற்குப் பிறகு அவர் படுக்கவே இல்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அந்த அம்மாள் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஐந்து மணிக்கு நாச்சியாரம்மா வேன் சாவியோடு வந்தார்.

"டிரைவர் லீவு. கும்பிட வந்தவங்க பன்னிரண்டு பேர் வேன்ல உட்கார்ந்திருக்காங்க. கீழே பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வாங்க. ஏழு வளைவுதான். காலையில நீங்க ஏறி வந்த பாதைதான்."

சபேசன் ஏறி உட்கார்ந்தார். கண் எரிந்தது. ஒரு கையால் கசக்கிக்கொண்டார்.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு பெண்ணின் மடியில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

இறங்கிவிட்டார். சாவியை நீட்டினார்.

"என்னால முடியாதும்மா. களைப்பா இருக்கு."

"நான் கூப்பிடவே இல்லையே?"

சொல்லிவிட்டு நாச்சியாரம்மாவே வேனில் ஏறினார். வேன் முதல் வளைவில் திரும்பி மறைந்தது.

சபேசன் அங்கேயே நின்றார். பிறகு போனை எடுத்தார். முதல் மணியிலேயே ரொசாரியோ எடுத்துவிட்டார்.

"நாளைக்கு உங்களுக்குப் பச்சைதானே, கேப்டன்?"

"ஆமா சார். தயாராத்தான் இருக்கேன். யூனிஃபார்ம்கூடத் தேய்ச்சு வெச்சாச்சு."

"அதை அலமாரியில வெச்சிடுங்க. போனை அணைச்சிட்டுத் தூங்குங்க. ராஜினாமாவைப் பத்தி நாளன்னிக்குப் பேசலாம்."



"சார்... நீங்க கூப்பிட்டா?"

"கூப்பிட மாட்டேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சபேசனுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, அதே எண்ணை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

அணைத்து வைக்கப்பட்டிருந்தது.