பதினேழு முறை மறுத்த கதவு

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு நாற்பத்தாறு. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இப்படி ஒரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இருவருக்கும் அதில் கூச்சம் ஏதுமில்லை.

குருவின் பெயர் தமயந்தி. யார் எந்த நிரலைத் திருத்தினாலும் அவர் ‘ரிவ்யூ’ பார்த்துச் சரி என்ற பிறகே அது வெளியே போகும். சீடர் ஞானசிகாமணி, கல்லூரியில் இயற்பியல் நடத்தியதை விட்டுவிட்டு, வீட்டார் தலையில் அடித்துக்கொள்ள இந்த வேலைக்கு வந்தவர். அவருடைய தகுதிகாண் காலம் மறுநாளோடு முடிகிறது. ஏற்கெனவே மூன்று தாமதம். மறுநாளும் பத்து மணியைத் தாண்டினால் இன்னும் ஆறு மாதம் இழுத்துவிடுவார்கள்.

அன்று அவர் ஒரு திருத்தத்தோடு வந்தார். வாசலில் அட்டை தேய்ப்பவரையும் கணினியில் கடவுச்சொல் அடிப்பவரையும் சரிபார்த்து உள்ளே விடுகிற நிரல் அது. விட்டாலும் எழுதிவைக்கும், விடாவிட்டாலும் எழுதிவைக்கும். இரண்டாவதை ஞானசிகாமணி அடியோடு எடுத்துவிட்டார்.

“ஏன் சார்?”

“எல்லாம் குப்பைங்க மேடம். கடவுச்சொல்லைத் தப்பா அடிக்கறவன், அட்டையைத் திருப்பி வைக்கறவன். உள்ள வந்தவனாலதானே ஆபத்து? வெளியவே நின்னுட்டுப் போனவனை எதுக்கு எழுதணும்? பாருங்க, எவ்வளவு வேகமா ஓடுது!”

குருவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திருத்தமும் முதலில் சொந்த அலுவலகத்தில் ஒரு நாள் ஓட வேண்டும்.

“நாளைக்கு நம்ம கதவுல ஓடட்டும்” என்றார்.

மறுநாள் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கெல்லாம் சீடர் வாசலில் நின்றார். அட்டையைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு. அட்டைக்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகவே காலாவதி தேதி போட்டிருந்தார்கள். பாவம், அது அவருக்கு எப்படித் தெரியும்?

சட்டையில் துடைத்துத் தேய்த்தார். கும்பிட்டுவிட்டுத் தேய்த்தார். இயற்பியல் வாத்தியார் கும்பிட்டதை வெளியே சொல்லக் கூடாதுதான். மொத்தம் பதினேழு முறை. கண்ணாடிக் கதவைத் தட்டினார். உள்ளே அத்தனை பேர் காதிலும் ஹெட்போன். குருவுக்குப் போன் போட்டார்; எடுக்கவில்லை.

பதினோரு மணிக்கு டீ கொண்டுவந்தவரின் அட்டையைக் கதவு மறுபேச்சில்லாமல் ஏற்றது. அவர் பின்னாலேயே ஞானசிகாமணியும் நுழைந்துவிட்டார்.

ஹெச்.ஆர். பெண் சிரிக்கக்கூட இல்லை. “பதினோரு மணிக்கு டீயோட வந்தீங்க சார்.”

“ஒன்பது பத்துக்கே வந்துட்டேம்மா! பதினேழு தடவை தேய்ச்சேன்!”

“பதிவுல ஒண்ணுமே இல்லீங்களே.”

இன்னும் ஆறு மாதம் என்று வீட்டில் போய் எந்த முகத்தோடு சொல்வது? குருவின் அறைக்கு ஓடினார்.

“மேடம், நான் வந்தது உங்களுக்காவது...”

“பதினேழு தடவை. வாசலுக்கு மேல இருக்கற இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ஹெச்.ஆருக்கு இப்பதான் எழுதி அனுப்பினேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது.”

சீடருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“பார்த்துட்டேவா இருந்தீங்க? அப்புறம் ஏன் மேடம் திறக்கலை?”

“ரிவ்யூ பண்ணிட்டிருந்தேன் சார்.”

சீடர் மெதுவாகக் கேட்டார்.

“அப்போ என் திருத்தம்?”

“நல்லா ஓடுது. அடுத்த வாரம் இருநூறு ஆஸ்பத்திரியில வைக்கப் போறாங்க. எல்லா வாசலுக்கு மேலயும் ஜன்னல் இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார், நான் போய் உட்கார்ந்து எண்ணிக்கறேன்.”